அமெரிக்க ஆணிப் புரிகள்: யாழ்ப்பாணத்துத் திருத்தகம் ஒன்றின் கேள்வி பதில்கள்

கொக்குவிலில் ஒரு சிறிய திருத்தகம் வைத்திருக்கிறேன். அம்பிளிபயர், தையல் எந்திரம், கணினி என்று வாசலுக்கு வந்த எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அண்மைக் காலமாக வருகிற சாமான்களில் பாதி, கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவினர் பெட்டி கட்டி அனுப்பியவை. பழுதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். தொலைந்த ஓர் ஆணிக்குச் சோடி தேட ஒரு நாள் போய்விடுகிறது. வாடிக்கையாளரும் சக தொழிலாளரும் என்னிடம் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். திருகாணியின் சுருள் கோட்டைப் புரி என்கிறேன். மரை என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே வாசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க எந்திரத்துக்கு நம் கடை ஆணி ஏன் பொருந்துவதில்லை?

இன்று ஸ்டான்லி வீதியில் நீங்கள் வாங்கும் ஆணி அநேகமாக மில்லிமீற்றர் ஆணி: எம்3, எம்4, எம்5, எம்6. அப்பாவின் பழைய தகரப் பெட்டிக்குள் கிடப்பவற்றில் பாதி பிரித்தானிய ஆணிகள்: விட்வர்த், பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) வகைகள். அமெரிக்க ஆணி இரண்டிலும் சேராத மூன்றாவது குடும்பம். அங்குலத்தில் அளக்கப்படுவது, புரியின் கோணம் 60 பாகை. விட்வர்த் 55 பாகை, பி.ஏ. 47.5 பாகை. மில்லிமீற்றர் ஆணியும் 60 பாகைதான். அதனால் கோணத்தைப் பார்த்து அதையும் அமெரிக்க ஆணியையும் பிரிக்க முடியாது.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வர்த் 1841இல் தன் முறையை முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைப் புரியை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உதிரிப்பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்ட பாட்டின் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் 60 பாகையில் ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டன. யு.என்.சி., யு.என்.எஃப். என்ற பெயர்கள் அந்த முறைக்குரியவை. முன்னது பரும்புரி, பின்னது நுண்புரி.

பொதியில் "6-32" என்று போட்டிருக்கிறது. 32 என்பது நீளமா?

இல்லை. முதல் எண் தடிப்பைக் குறிக்கும் இலக்கம். இரண்டாவது, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புரி என்பது. நீளம் மூன்றாவதாக வரும்: "6-32 × 1/2" என்றால் அரை அங்குல ஆணி. தலை வெளியே நிற்கும் ஆணியில் தலைக்குக் கீழிருந்து நீளத்தை அளப்பார்கள். தலை பலகைக்குள் அமிழும் ஆணியில் தலையையும் சேர்த்து அளப்பார்கள். பின்னால் 2ஏ, 2பி என்று இருந்தால் அது பொருத்தத்தின் இறுக்கம். ஏ ஆணிக்கு, பி நட்டுக்கு. திருத்த வேலைக்கு அதைக் கவனிக்க வேண்டியதில்லை.

இலக்கத்திலிருந்து தடிப்பைக் கணக்கிட முடியுமா?

முடியும், கணக்கு மிக எளிது. இலக்கத்தை 13ஆல் பெருக்கி 60ஐக் கூட்டுங்கள். வருவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் தடிப்பு. 8ஆம் இலக்கத்துக்கு 104 உடன் 60, ஆக 164. அதாவது 0.164 அங்குலம், 4.17 மில்லிமீற்றர்.

மேசையில் ஒட்டி வைத்திருக்கும் துண்டிலிருந்து:

4-40: 2.84 மி.மீ.
6-32: 3.50 மி.மீ.
8-32: 4.17 மி.மீ.
10-24, 10-32: 4.83 மி.மீ.
1/4-20, 1/4-28: 6.35 மி.மீ.

12ஆம் இலக்கத்துக்கு மேல் இலக்கம் போய் அங்குலப் பின்னம் வந்துவிடுகிறது.

பி.ஏ. ஆணியோடு பழகிய மூத்த தொழிலாளர்கள் இங்கே தடுமாறுவார்கள். பி.ஏ. முறையில் இலக்கம் ஏற ஆணி மெலியும்: 2 பி.ஏ. 4.7 மி.மீ., 6 பி.ஏ. 2.8 மி.மீ. அமெரிக்க முறையில் இலக்கம் ஏற ஆணி தடிக்கும். "ஆறாம் நம்பர் தா" என்று கேட்டால் எந்த ஊர் ஆறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேணியர் இடுக்கிமானியால் தடிப்பை அளந்தால் போதாதா?

போதாது. உண்மை ஆணி தன் பெயரளவை விடச் சற்று மெலிவாகவே இருக்கும். புதிய 10-32 ஆணி 4.65க்கும் 4.80க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த வீச்சுக்குள் 2 பி.ஏ. ஆணியும் வந்துவிடுகிறது. தேய்ந்த எம்5 ஆணியும் பக்கத்திலேயே நிற்கும். 8-32 சில வேளை 4.0 காட்டும்; எம்4 என்று எழுதி வைத்துவிடுவீர்கள்.

தடிப்பு வீட்டுப் பெயர் மாதிரி. புரியிடை, அதாவது ஒரு புரி மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம், அதுதான் ஆளின் பெயர். இரண்டும் தெரிந்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

புரி அளவுத் தகடு என்னிடம் இல்லை. எப்படி எண்ணுவது?

இருப்பதைக் கொண்டு எண்ணலாம். ஆணியைப் பழைய பல் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் துப்புரவாக்குங்கள். புரிக்குள் கிடக்கும் எண்ணெய் அழுக்கு கண்ணை ஏமாற்றும். பிறகு இடுக்கிமானியின் கூர் அலகுகளை இரண்டு புரி மேடுகளில் வைத்து, பத்து இடைவெளிகளின் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முதல் மேட்டைப் பூச்சியம் என்றே எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் ஒன்பது இடைவெளிதான் அளந்திருப்பீர்கள். இந்தப் பிழையை நான் இன்றும் செய்கிறேன்.

பத்து இடைவெளிக்கு 7.94 மி.மீ. வந்தால் 32 புரி. 6.35 வந்தால் 40 புரி. 10.58 என்றால் 24, 12.7 என்றால் 20. மில்லிமீற்றர் ஆணிகள் பொதுவாக வட்டமான எண்ணில் நிற்கும்: எம்3க்கு 5.0, எம்3.5க்கு 6.0, எம்4க்கு 7.0, எம்5க்கு 8.0, எம்6க்கு 10.0. ஆணி குட்டையாக இருந்தால் ஐந்து இடைவெளி அளந்து இரட்டியுங்கள்.

நான் அதிகம் கையாளும் வழி இன்னும் மலிவானது. கழித்து எறிந்த கணினி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மின்வழங்கிப் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஆணி அநேகமாக எப்போதும் 6-32. பழைய திரை வடத்தின் இரு பக்கமும் விரலால் திருகும் நீண்ட ஆணிகள் 4-40. கமராத் தாங்கியின் தலையில் இருக்கும் ஆணி 1/4-20. இறுவட்டு இயக்கியைப் பிடித்திருப்பது எம்3. காசில்லாமல் நான்கு அளவிகள் கிடைத்துவிட்டன. தெரியாத ஆணியைத் தெரிந்த ஆணியின் பக்கத்தில் படுக்க வைத்து, இரண்டின் புரிகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். புரியிடை ஒன்றானால் நடுவில் வெளிச்சமே தெரியாது. வேறானால் ஓர் ஓரத்தில் கோத்தது மறு ஓரத்தில் பிளந்து நிற்கும். ஆறு ஏழு புரி கோத்துப் பார்த்தால் 32க்கும் எம்4க்கும் உள்ள வேறுபாடு கண்ணிலேயே அடிக்கும்.

ஒரே ஒரு விலக்கு: 32 புரிக்கும் எம்5க்கும் இடைவெளி வேறுபாடு ஆயிரத்தில் ஆறு மில்லிமீற்றர். வெளிச்சம் அதைக் காட்டாது. அங்கே மட்டும் தடிப்பை நம்ப வேண்டும்.

ஆணியே இல்லை, துளை மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அதே எந்திரத்தில் அதே வரிசையில் இருக்கும் இன்னொரு ஆணியைக் கழற்றி அளந்துகொள்ளுங்கள். நான்கு மூலையில் மூன்றில் ஆணி இருந்தால் நான்காவதும் அதே ஆணிதான். இதைச் செய்யாமல் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எல்லாமே போயிருந்தால், மென்மையான மரக் குச்சியைத் துளையை விடச் சற்றுத் தடிப்பாகச் சீவி, அழுத்தித் திருகி உள்ளே விட்டு, திருகியே வெளியே எடுங்கள். குச்சியில் புரியின் தடம் பதிந்திருக்கும். அதை மேலே சொன்ன ஆணிகளோடு கோத்துப் பாருங்கள். துளையின் உள்வாயையும் அளக்கலாம். அது ஆணியின் தடிப்பு அல்ல, புரி வெட்டும் முன் துளைத்த அளவை ஒட்டியது: 4-40க்கு 2.3 மி.மீ. அளவில், 6-32க்கு 2.75, 8-32க்கு 3.5, 10-32க்கு 4.1, 1/4-20க்கு 5.1.

எந்த ஆணி எதோடு அதிகம் குழம்பும்?

கதையோடு சொல்கிறேன். உரும்பிராயிலிருந்து ஒருவர் கோயில் பசனைக்குப் பாவிக்கும் அம்பிளிபயரைக் கொண்டு வந்தார். டொரொண்டோவிலிருந்து தம்பி அனுப்பியது. பின்தகட்டில் ஓர் ஆணி தொலைந்துவிட்டதாம், புதிதாகப் போட்ட ஆணி இப்போது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. தலை பாதி வெளியே நின்றது. திருப்புளியை வைத்துக் கால் சுற்று திருப்பியதும் புரி ஓரத்தில் பொன்னிறத் தூள் மினுங்கியது. உள்ளே பித்தளைச் செருகி, அதன் புரி சீவப்பட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரத்தில் எடுத்தேன். வந்தது நம் வீட்டுச் சுவரில் மின்செருகித் தகட்டைப் பிடிக்கும் ஆணி: எம்3.5.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பக்கத்தில் இருந்த பழைய ஆணி ஒன்றை அளந்துதான் கொடுத்திருப்பார். 6-32இன் தடிப்பு 3.50, எம்3.5இன் தடிப்பும் 3.50. ஆனால் ஒன்றின் புரியிடை 0.79, மற்றதின் புரியிடை 0.6. முதல் சுற்று பட்டுப்போல் போகும். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் இறுகும். "புது ஆணி, அதனால்தான் இறுக்கம்" என்று மனம் சொல்லும். மூன்றாவது சுற்றில் புரி போய்விடும். என் மேசைக்கு வரும் அழிந்த புரிகளில் பழசாகி அழிந்தவை குறைவு. முதல் இரண்டு சுற்றை நம்பி இறுக்கியவைதான் அதிகம்.

4-40 துளைக்குள் எம்3 போட்டாலும் இதே கதை. ஆணி சற்றுத் தடிப்பு, புரியிடை சிறிது. ஒரு சுற்றில் பிடித்துக்கொள்ளும். 8-32க்கு எம்4 மெலிவு, தொடக்கத்தில் இலகுவாகப் போய்ப் பிறகு கடிக்கும். கடிப்பது நல்லது, எச்சரிக்கையாவது செய்கிறது.

எச்சரிக்காமல் ஏமாற்றுவது 10-32. அதை எம்5 துளைக்குள் விட்டால் கடைசி வரை சுகமாகப் போகும். புரியிடை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தடிப்பு 0.17 மி.மீ. குறைவு. புரிகள் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பாரம் ஏறும் நாளில் உருவிக்கொண்டு வரும். ஒலிக்கருவி அடுக்கும் இரும்புச் சட்டம் ஒன்றில் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போகும் வழியில் கருவி ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மாறாக 10-32 துளைக்குள் எம்5 ஆணியைத் திணித்தால் தொடக்கத்திலேயே இறுகும். 2 பி.ஏ.யும் 10-32ஓடு ஒட்டி உறவாடும். கோணமே வேறு, அந்த உறவு நிலைக்காது.

விட்வர்த் கால் அங்குல ஆணிக்கும் 1/4-20க்கும் அங்குலத்துக்கு 20 புரிதான். கோணம் 5 பாகை வேறுபட்டாலும் ஒன்றுக்குள் ஒன்று போகும், பாரம் இல்லாத மூடிக்குப் போதும். 5/16இலும் 3/8இலும் அப்படியே. அரை அங்குலத்தில் மட்டும் விட்வர்த் 12, அமெரிக்கன் 13, அங்கே போகாது.

விதியாக ஒன்று வேண்டுமானால்: ஆணியை விரலால் மட்டும் நான்கு சுற்று திருகுங்கள். விரலுக்குப் போகாததைத் திருப்புளியால் போக்காட்டாதீர்கள். விரலுக்குப் போனபின் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதுவும் தவறான ஆணிதான்.

எங்களிடம் பழைய மொறிஸ் மைனர் இருக்கிறது. இங்கிலாந்துக் கார்தானே, விட்வர்த் ஸ்பனர் போதுமா?

போதாது. 1952க்குப் பின் அதற்குப் போட்ட ஏ வரிசை எஞ்சினில் பெரும்பாலும் யு.என்.எஃப். போல்ட்கள். அந்த 1948 ஒப்பந்தத்தின் பேரப்பிள்ளைகள் நம் ஊர் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. போல்ட் தலையில் ஒன்றையொன்று தொடும் சிறு வட்டங்கள் வரிசையாகப் பொறித்திருந்தாலும், தலையின் நடுவில் வட்டக் குழி இருந்தாலும் அது யு.என்.எஃப். அல்லது யு.என்.சி. என்று பொருள். கால் அங்குல போல்டுக்கு 7/16 ஸ்பனர், 5/16க்கு 1/2, 3/8க்கு 9/16. அரை அங்குலத் தலைக்கு 13 மி.மீ. ஸ்பனர் ஏறும். ஏறுவதால்தான் ஆபத்து, மூலையை உருட்டிவிடும். மின்பகுதிகளைத் திறந்தால் உள்ளே பி.ஏ. ஆணிகள் காத்திருக்கும். ஒரே காருக்கு ஆணி போட்டு வைக்க இரண்டு போத்தல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் கமராவுக்கும் அமெரிக்க ஆணியா?

ஆம். கமராவின் அடியில் இருக்கும் துளை எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் 1/4-20. பெரிய கருவிகளில் 3/8-16. தாங்கியின் ஆணி தொலைந்தால் எம்6 போடாதீர்கள். ஒலிவாங்கித் தாங்கியில் அமெரிக்கப் பக்கம் 5/8-27, ஐரோப்பியப் பக்கம் 3/8. இரண்டுக்கும் இடையில் போடும் பித்தளை வளையம் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும்.

கனடாச் சாமானில் ஆணித் தலையில் சதுரக் குழி இருக்கிறது. எங்கள் திருப்புளி எதுவும் ஏறவில்லை.

அது ரொபர்ட்சன் தலை. கனடாக்காரர் பீ. எல். ரொபர்ட்சன் 1908ஆம் ஆண்டளவில் உருவாக்கியது. பிடிகளுக்கு நிறம் உண்டு: இலக்கம் 1 பச்சை, 2 சிவப்பு, 3 கறுப்பு. நட்சத்திரத் திருப்புளியைக் குத்திப் பார்த்தால் குழி வட்டமாகிவிடும். அவசரத்துக்கு ஒரு பழைய சதுரக் கம்பியை அரத்தால் அளவாக்கிக்கொள்ளலாம், நான் செய்திருக்கிறேன். தலையின் வடிவத்துக்கும் புரிக்கும் தொடர்பில்லை. சதுரத் தலைக்குக் கீழே வழமையான 8-32 இருக்கலாம்.

அந்த எந்திரத்தை மின்னில் செருகும் முன் பின்தகட்டை வாசியுங்கள். 120 வோல்ட் என்றிருந்தால், ஆணியைத் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் மின்மாற்றியைத் தேடுங்கள்.

துளையின் புரி அழிந்துவிட்டது. இனி என்ன?

அடுத்த அளவுக்கு ஏற்றலாம். 6-32 அழிந்தால் 3.5 மி.மீ. அலகால் துளைத்து 8-32 டாப் (துளைக்குள் புரி வெட்டும் கருவி) போடுங்கள். 10-32 அழிந்தால் இலகுவான வழி எம்5 டாப்பை நேராக ஓட்டுவது. புரியிடை ஒன்றுபோல் இருப்பதால் பழைய தடத்திலேயே போகும், இனி ஆணியும் இங்கேயே கிடைக்கும். 1/4-20ஐ எம்6 ஆக்க முடியாது, துளை ஏற்கெனவே பெரிது. 6.8 மி.மீ. துளைத்து எம்8க்குப் போக வேண்டும், சுற்றிலும் உலோகம் போதுமானால். விலையுயர்ந்த வார்ப்பு உடலானால் கம்பிச் சுருள் செருகி போடுங்கள், பழைய ஆணியையே திரும்பப் பாவிக்கலாம். மெல்லிய தகட்டில் இவை எதுவும் நிற்காது. பின்னால் ஒரு நட்டு வைத்துவிடுங்கள்.

மாற்றிய துளைக்குப் பக்கத்தில் அழியாத மையால் புதிய அளவை எழுதுங்கள். அடுத்து திறப்பவர் உங்களைத் திட்டாமல் இருக்கட்டும்.

துருவேறிய ஆணி?

நம் கடற்காற்றில் இரும்பு ஆணியும் அலுமினிய உடலும் ஒன்றாக வெந்துவிடும். மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊற விடுங்கள். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் சிறிது, அப்புறம் கழற்றும் பக்கம். தலை உடைந்தால் அவசரப்படாதீர்கள், கடைசல் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

பழைய தையல் எந்திரத்துக்கும் இதே அட்டவணையா?

இல்லை. சிங்கர் போன்ற பழைய எந்திரங்களில் அவர்களுக்கே உரிய புரிகள் உண்டு, எந்த அட்டவணையிலும் அகப்படாது. அங்கே அளந்து நேரத்தை வீணாக்காமல், கழித்த எந்திரம் ஒன்றிலிருந்து ஆணியை எடுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஹோர்லிக்ஸ் போத்தல்களில் ஆணி சேர்த்த பழக்கம் இந்த ஊரில் இன்னும் போகவில்லை. சுன்னாகத்துப் பழைய இரும்புக் கடையில் அப்படி ஒரு போத்தல் முழுவதையும் வாங்கியிருக்கிறேன்.

அண்ணா அடுத்த மாதம் டொரொண்டோவிலிருந்து வருகிறார். என்ன கொண்டு வரச் சொல்லலாம்?

4-40, 6-32, 8-32, 10-24, 10-32, 1/4-20 ஆகியவற்றில் அரை அங்குல நீளத்தில் ஒவ்வொரு சிறு பொதி, நட்டோடு. நீளம் கூடினால் அறுத்துக்கொள்ளலாம். அறுக்கும் முன் நட்டை ஆணியில் ஏற்றி வையுங்கள். அறுத்தபின் நட்டைக் கழற்றினால் அது புரியின் வாயைச் செப்பனிட்டுக்கொண்டே வரும். 6-32க்கும் 8-32க்கும் ஒவ்வொரு டாப். பச்சை, சிவப்பு ரொபர்ட்சன் திருப்புளி இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு பால்மா பொதியின் நிறைகூட வராது. கைப்பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், விமான நிலையத்தில் டாப்பைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள்.